அத்தியாயம் 7: கொப்புள நோய் – தேயிலையின் துவர்ப்பைக் கவசமாக்குவது எப்படி?

திருவனந்தபுரத்துக்கு மேலே உள்ள போனக்காட்டிலும் விதுரா, பொன்முடிப் பக்கத்துச் சரிவுகளிலும் தேயிலையைத் தன் கையால் பராமரிக்க நினைப்பவருக்காக இந்த அத்தியாயம். உங்களிடம் இருப்பது அரை ஏக்கராக இருக்கலாம். பல ஆண்டுகள் கவாத்து காணாமல் மரமாக உயர்ந்துவிட்ட ஒரு ‘மலை’யின் (தேயிலைப் பகுதியின்) மூலையாகவும் இருக்கலாம். இரண்டிலும் முதல் எதிரி ஒன்றே: மழைக்காலத்துக் கொப்புள நோய். எக்சோபேசிடியம் வெக்சன்ஸ் என்னும் பூஞ்சை அதை உண்டாக்குகிறது. 1868-இல் அசாமில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட இந்த நோய் 1946-இல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் கொழுந்துக்கு ஆபத்துதான்.

நோய் தெரிந்ததும் மருந்துக் கடைக்கு ஓடுவது வழக்கம். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. செடிக்குச் சொந்தமாக ஒரு மருந்துச் சாலை இருக்கிறது. அதை நாம் பட்டினி போடாமல், இருட்டடிக்காமல் வைத்திருந்தால் தெளிப்பை வெகுவாகக் குறைக்கலாம். போனக்காட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சரிவுகளில் இறங்கும் தண்ணீர் கரமனை ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. கீழே பேப்பாறை அணை. திருவனந்தபுரம் நகரம் குடிக்கும் தண்ணீர் அது.

செடி எப்படிப் போராடுகிறது? (சுருக்கமாக)

கொடைக்கானலிலோ வாகமண்ணிலோ பைன் மரத்தின் பட்டையைக் கீறினால் பிசின் வடியும். அதிலுள்ள டெர்பீன்கள் நுழைய வரும் பூஞ்சையைத் தடுக்கின்றன. பிசின் காயத்தை அடைத்துவிடுகிறது. அதற்கும் உள்ளே, கட்டையில், பினோசில்வின் போன்ற பீனால் பொருள்கள் காவல் இருக்கின்றன. தேயிலைக்குப் பிசின் கிடையாது. அதன் ஆயுதம் துவர்ப்பு. கொழுந்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ கால் பங்குக்கு மேல் பாலிபீனால்கள். அவற்றில் பெரும்பகுதி கேட்டெச்சின்கள். கூடவே காஃபீன். இரண்டுமே பூஞ்சைக்கு ஆகாதவை.

அப்படியானால் துவர்ப்பு அதிகமுள்ள இளங்கொழுந்தில் ஏன் கொப்புளம் வருகிறது? இளம் இலையின் மேல்தோல் மெல்லியது. பூஞ்சையின் வித்து (ஸ்போர்) அதை எளிதாகத் துளைத்துவிடும். ஏறத்தாழ ஒரு மாத வயதைத் தாண்டிய இலையை இந்த நோய் தொடுவதில்லை. உள்ளே நுழைந்த பிறகு வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது வேகம். எதிர்ப்புள்ள செடி தாக்கப்பட்டவுடன் கேட்டெச்சின்களை இன்னும் கடுமையான புரோஆந்தோசயனிடின்களாக மாற்றுகிறது. பூஞ்சையின் சுவரைக் கரைக்கும் கைட்டினேஸ், குளுக்கனேஸ் நொதிகளையும் சுரக்கிறது. இவ்வளவையும் செய்யச் செடிக்குச் சர்க்கரை வேண்டும். பஞ்சத்துக்குக் குதிரில் போட்டு வைத்த நெல்லைப் போல, வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்திலிருந்தும் இலை அன்றன்று சமைப்பதிலிருந்தும்தான் அது வர வேண்டும். பைன் மரமும் இப்படித்தான். வறட்சியில் வாடிய மரத்தில் பிசின் வரத்து குறைந்து பூஞ்சையும் வண்டும் எளிதில் ஏறிவிடும்.

கோட்பாடு இவ்வளவு போதும். இனி வேலை.

நோயை நாள் கணக்கில் அடையாளம் காணுதல்

கொழுந்து எடுக்கும்போது இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

1. வித்து விழுந்த 3 முதல் 10 நாளில் குண்டூசித் தலையளவு, எண்ணெய் பட்டதுபோல் ஒளி ஊடுருவும் புள்ளி தெரியும். இந்த நிலையில் பிடிப்பவர்தான் ஜெயிப்பவர்.
2. புள்ளி வட்டமாக விரிந்து 3 முதல் 12 மில்லிமீட்டர் வரை வளரும். மேற்பக்கம் பளபளப்பான குழி, அடிப்பக்கம் புடைத்த கொப்புளம்.
3. அடிப்பக்கம் வெள்ளை மாவு பூத்ததுபோல் ஆகும். மாவு என்று தோன்றுவது அத்தனையும் வித்து. காற்றில் பறந்து அடுத்த செடிக்குப் போகும்.
4. கொப்புளம் பழுப்பாகிக் காய்ந்து, ஓட்டை விழும். இந்த இலையால் இனி ஆபத்து இல்லை. வேண்டிய கேட்டை அது ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது.

ஒரு சுற்று முடிய 11 முதல் 28 நாள் ஆகும். இளந்தண்டிலும் கொப்புளம் வரும். வந்தால் அதற்கு மேலே உள்ள கொழுந்து முழுவதும் கருகிப் போகும்.

பொதுவான தவறு: நான்காம் நிலையில் உள்ள ஓட்டை இலைகளைப் பார்த்து மருந்து அடிப்பது. அந்த நேரத்தில் அடுத்த தலைமுறை வேறு இலைகளுக்குள் குடியேறிப் பத்து நாள் ஆகியிருக்கும்.

மே மாதத்திலேயே செய்ய வேண்டியவை: வெளிச்சமும் காற்றும்

கொப்புள நோயின் வித்துக்கு ஈரம் வேண்டும், வெயில் ஆகாது. நேர் வெயில் பட்டால் சீக்கிரம் செத்துவிடும். ஐந்து நாள் சராசரி எடுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 4 மணி நேரத்துக்கும் குறைவாக வெயில் இருக்கும் வாரங்கள்தான் நோய் பெருகும் வாரங்கள். போனக்காட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை, பிறகு அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. அகத்தியமலைச் சரிவு இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. வெயில் காணும் இடைவெளி இங்கே சிறியது. கிடைக்கும் வெயில் செடிமேல் விழ வழிசெய்யுங்கள்.

1. சில்வர் ஓக்கின் பக்கக் கிளைகளை மழைக்கு முன்பே கழித்துவிடுங்கள். மரத்தை மொட்டையடிக்க வேண்டாம். கோடையில் நிழல் மறுபடியும் தேவைப்படும்.
2. முள்முருங்கை போன்ற மென்மரம் இருந்தால் அதை உயரத்தில் வெட்டித் தழையைச் செடிக்கு அடியில் பரப்புங்கள்.
3. செடிகளுக்கு ஊடே ஏறிய கொடிகளை, குறிப்பாகத் தூரைச் சுற்றியிருப்பவற்றை, அறுத்து எடுங்கள்.
4. அடைத்துக்கொண்ட வடிகால்களைத் தோண்டித் திறந்துவிடுங்கள்.

பாதுகாப்பு: புதராகிப்போன மலைக்குள் தனியாக இறங்காதீர்கள். பேப்பாறை வனவிலங்கு சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. காட்டெருமை படுத்திருக்கும் இடம் பெரும்பாலும் இப்படிப்பட்ட அடர்ந்த தேயிலைக்குள்தான். நீண்ட கழியால் தட்டிச் சத்தம் எழுப்பி, முழங்கால் வரை பூட்ஸ் போட்டு, காலை வெளிச்சம் நன்றாக வந்தபின் இறங்குங்கள். பாம்புக்கும் இதே முன்னெச்சரிக்கைதான். எந்த மரத்தையும் அடியோடு வெட்டுவதற்கு முன் நிலம் யாருடையது, வனத்துறை அனுமதி வேண்டுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கவாத்துக்கு முன் ஒரு சோதனை: வேரில் மாவு இருக்கிறதா?

கைவிடப்பட்ட தேயிலையை மீட்க நினைப்பவர் அதிகம் தோற்பது இங்கேதான். ஒரே நாளில் கத்தியோடு இறங்கி எல்லாவற்றையும் தாழ வெட்டுகிறார்கள். பாதிச் செடிகள் தளிர்க்காமல் காய்கின்றன. தளிர்த்தவையும் முதல் மழையிலேயே கொப்புளத்துக்குப் பலியாகின்றன. வெட்டிய பின் புது இலை வரும்வரை செடி உயிர் வாழ்வதும் எதிர்த்து நிற்பதும் வேரிலுள்ள மாவுச்சத்தால் மட்டுமே. அதை வெட்டுமுன் சோதிக்கலாம்; செலவும் அதிகம் இல்லை.

1. மலையின் வெவ்வேறு பகுதிகளில் ஐந்தாறு செடிகளைத் தேர்ந்தெடுங்கள். ஓரத்துச் செடிகளை விட்டுவிடுங்கள்.
2. ஒவ்வொன்றிலும் பென்சில் தடிமனுள்ள வேர் ஒன்றைத் தோண்டி விரல் நீளத்துக்கு வெட்டி எடுங்கள். மண்ணை உடனே மூடுங்கள்.
3. வேரைக் கழுவி, சுத்தமான கத்தியால் குறுக்கே வெட்டுங்கள்.
4. வெட்டு முகத்தில் அயோடின் கரைசல் சில சொட்டு விட்டு ஓரிரு நிமிடம் காத்திருங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்க்சர் அயோடின் போதும்.
5. முகம் முழுக்கக் கருநீலமானால் மாவு போதுமானது, கவாத்து செய்யலாம். திட்டுத்திட்டாக நீலம் தெரிந்தால் கொழுந்து எடுப்பதை நிறுத்திச் சில வாரம் ஓய்வு கொடுத்து மறுபடி சோதியுங்கள். பழுப்பு மஞ்சளாகவே நின்றால் இந்த ஆண்டு கத்தி வைக்க வேண்டாம்.

புதராக வளர்ந்த செடியில் மாவு பெரும்பாலும் நிறைவாகவே இருக்கும். அத்தனை இலையும் அதற்காக உழைத்திருக்கின்றன. ஓய்வே இல்லாமல் கொழுந்து கிள்ளப்பட்ட செடிதான் உள்ளே வெறுமையாக இருக்கும். வெளித்தோற்றம் இரண்டையும் தலைகீழாகக் காட்டும். அதனால்தான் கண்ணை நம்பாமல் அயோடினை நம்பச் சொல்கிறேன்.

அயோடினைக் கையுறையோடு தொடுங்கள், கண்ணில் படக்கூடாது.

கவாத்து: காயத்தைச் சுருக்குதல்

1. காலம்: கோடை மழை ஒன்றிரண்டு விழுந்த ஏப்ரல், மே. பிப்ரவரி, மார்ச்சின் வறட்சியில் வேண்டாம். கொட்டும் மழையிலும் வேண்டாம். முழு மலையையும் ஒரே ஆண்டில் வெட்டாமல் நான்கில் ஒரு பங்காகப் பிரித்துச் செய்யுங்கள்.
2. உயரம்: மரமான செடியைத் தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடிக்குள் வெட்டுங்கள். தண்டில் புற்று (கேன்கர் நோய்) தாழ இறங்கியிருந்தால் மட்டும் அதற்கும் கீழே போங்கள்.
3. ஒவ்வொரு செடியிலும் இலையுள்ள கிளை ஒன்றிரண்டை வெட்டாமல் விடுங்கள். புதுத்தளிர் வந்து நிலைக்கும்வரை அவை வேருக்கு உணவு அனுப்பும். பிறகு நீக்கிக்கொள்ளலாம்.
4. வெட்டு சாய்வாக, ஒரே வீச்சில், பிளவு இல்லாமல் இருக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் தட்டையான வெட்டுதான் கட்டை அழுகலின் வாசல். கைத்தடிமன் கிளைக்கு ரம்பமே நல்லது.
5. செத்த கட்டை, புற்று விழுந்த பட்டை ஆகியவற்றை நல்ல வெள்ளைக் கட்டை தெரியும்வரை சீவி எடுங்கள்.
6. நோயுள்ள செடியை வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள்.
7. கட்டைவிரலைவிடத் தடித்த வெட்டுகளுக்கெல்லாம் அன்றைக்கே போர்டோ பசை பூசுங்கள்.

போர்டோ பசை செய்முறை: 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். 100 கிராம் நல்ல சுண்ணாம்பை வேறு வாளியில் அரை லிட்டரில் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் உள்ளே முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. அன்றன்று செய்து அன்றன்றே தீர்த்துவிடுங்கள். இந்தப் பசை வெட்டிய கட்டைக்கு மட்டும், கொழுந்தில் படக்கூடாது.

வெட்டி விழுந்த நல்ல கிளைகளை மலையிலேயே மூடாக்காகப் போடுங்கள். புற்று விழுந்த கட்டைகளை மட்டும் வெளியே கொண்டுபோய் அழியுங்கள். காட்டோரத்தில் கோடையில் நெருப்பு வைக்காதீர்கள்.

உரம் பற்றி ஒரு சொல்: கவாத்து ஆண்டில் யூரியாவை அள்ளிப் போட்டால் செடி பச்சைப் பசேலென்று வரும், அந்தத் தளதளப்பான மெல்லிய இலைதான் பூஞ்சைக்கு மிகவும் பிடித்தது. சாம்பல் சத்தைத் தழைச்சத்துக்குக் குறையாமல் கொடுங்கள். மண்ணின் அமிலநிலை 4.5 முதல் 5.5-க்குள் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலக் கொழுந்தெடுப்பு

இதற்கு இணையான மருந்து இல்லை என்பது என் உறுதியான கருத்து. வித்து முளைத்து வெள்ளை மாவாக ஆவதற்குள் அந்த இலை கூடைக்குள் போய்விட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும்.

1. ஜூன் முதல் நவம்பர் வரை 7 முதல் 10 நாளுக்குள் ஒரு சுற்று முடியுங்கள். 15 நாள் ஆக விடாதீர்கள்.
2. மட்டத்துக்கு மேலே நீளும் எந்தக் கொழுந்தையும் விட்டு வைக்காதீர்கள். வளர்ச்சி நின்ற பாஞ்சியையும் கிள்ளிவிடுங்கள்.
3. கொப்புளம் கண்ட இலையைக் கூடையில் நல்ல கொழுந்தோடு சேர்க்காமல் தனிப்பையில் போட்டு, தோட்டத்துக்கு வெளியே குழியில் புதையுங்கள். நோய் பட்ட இலையில் பாலிபீனால் குறைவு. தூளின் தரமும் கெடும்.
4. கத்திரி வைத்து எடுப்பதைக் கடும் மழை மாதங்களில் தவிர்க்கப் பாருங்கள். பாதியாக அறுபட்ட இலைகளின் காயத்தில்தான் பெஸ்டலோஷியாப்சிஸ் பூஞ்சை நுழைந்து சாம்பல் கருகலை உண்டாக்கும்.

இத்தனையையும் மீறி நோய் போனால்: தெளிப்பு

முதலில் செடியின் எதிர்ப்பைத் தூண்டும் நுண்ணுயிர். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்னும் பாக்டீரியாவை 7 நாளுக்கு ஒருமுறை தேயிலையில் தெளித்தபோது கொப்புள நோய் குறைந்ததையும், இலையில் பீனால்களும் கைட்டினேஸ் முதலிய காப்பு நொதிகளும் உயர்ந்ததையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் எழுதியிருக்கிறார்கள். பொட்டலத்தின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள், மாலையில் தெளியுங்கள். தாமிர மருந்தோடு கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும்.

தாமிர மருந்து தேவைப்படுவது பெரும்பாலும் கவாத்து செய்த மலையில்தான். அங்கே முழுச் செடியுமே இளந்தளிர். கொழுந்து கிள்ளத் தொடங்கும்வரை அதைக் காப்பாற்றியாக வேண்டும். தென்னிந்தியத் தேயிலைக்கு நெடுநாளாகப் பரிந்துரைக்கப்படும் காப்பர் ஆக்சிகுளோரைடு அளவு ஹெக்டேருக்கு 210 கிராம், அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 85 கிராம். தாமிரம் இலையின் மேல் நின்று வித்தை முளைக்கவிடாமல் தடுக்கும். உள்ளே போன பூஞ்சையைக் குணப்படுத்தாது. வாரா வாரம் புது இலை விரிவதால் தெளிப்பும் வாரா வாரம் தேவைப்படுகிறது. இலைக்குள் ஊடுருவும் ஹெக்சகோனசோல் போன்றவை வேறு வகை. தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பில் இன்று எது அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டறியாமல் எதையும் வாங்காதீர்கள். ஒரு காலத்தில் தோட்டமெங்கும் அடித்த ட்ரைடிமார்ஃப் 2018-இல் தடை செய்யப்பட்டது. பழைய கிடங்கில் மிச்சமிருக்கும் டப்பா எதுவானாலும் தொடவே வேண்டாம்.

தெளிக்கும் நாளில்:

- ஓடையிலிருந்து நன்றாக விலகியே தெளியுங்கள். கருவியை ஓடையில் கழுவக்கூடாது. தாமிரம் மீனுக்கு நஞ்சு; மண்ணிலும் தங்கிவிடும்.
- முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் இல்லாமல் முதுகுத் தெளிப்பானைத் தூக்காதீர்கள். மருந்து உங்கள் மேல் படாதபடி காற்று அடிக்கும் திசையிலேயே தெளியுங்கள், எதிர்காற்றில் வேண்டாம். வேலைக்கு நடுவே வெற்றிலை, பீடி வேண்டாம்.
- லயத்துப் (தொழிலாளர் குடியிருப்புப்) பிள்ளைகளும் ஆடுமாடும் அந்தப் பக்கம் வராமல் பாருங்கள்.
- லேபிளில் சொன்ன நாள் கழியும்வரை கொழுந்து எடுக்காதீர்கள்.
- தலைச்சுற்றல், வாந்தி வந்தால் உடனே குளித்து உடை மாற்றி, மருந்தின் லேபிளோடு மருத்துவமனைக்குப் போங்கள். மலையிலிருந்து இறங்க நேரமாகும். அதனால் தெளிப்புக்கு இருவராகப் போவதே முறை.

வேர் நோய்: ஒரு செடி திடீரென்று செத்தால்

வாடிய இலைகள் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்க முழுச் செடியும் ஒரே மூச்சில் காய்ந்தால் வேரைத் தோண்டிப் பாருங்கள். மண்ணும் கல்லும் வேரோடு கெட்டியாக ஒட்டியிருந்தால் பழுப்பு வேரழுகல். கழுவியபின் சிவப்பு இழைகள் தெரிந்தால் சிவப்பு வேரழுகல். செடியைப் பென்சில் தடிமன் வேர்வரை விடாமல் எடுத்து அழியுங்கள். சுற்றி நலமாகத் தோன்றும் ஒரு வரிசையையும் உள்ளே சேர்த்து 4 அடி ஆழ அகழி வெட்டுங்கள்.

பெரும்பாலும் இதற்கு விதை, முன்பு வெட்டிய நிழல் மரத்தின் அடிக்கட்டை. உயிரோடு வெட்டிய மரத்தின் வேரில் மாவுச்சத்து நிறைந்திருக்கும். பூஞ்சை அதைத் தின்று பெருகித் தேயிலைக்குத் தாவும். எனவே நிழல் மரத்தை அகற்ற அனுமதி கிடைத்தால், ஓராண்டுக்கு முன்பே தூரில் பட்டையை அகலமாக வளையமிட்டு உரித்து விடுங்கள். இலை சமைப்பது வேருக்கு இறங்காமல் வேர் தன் இருப்பைத் தானே செலவழித்துவிடும். பிறகு வெட்டினால் பூஞ்சைக்கு உணவு மிஞ்சாது. தேயிலைக்கு மாவைச் சேர்க்கச் சொன்ன நானே இங்கே தீர்க்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

எதிர்ப்புள்ள செடியை நீங்களே தேர்ந்தெடுத்தல்

போனக்காடு போன்ற பழைய மலைகளில் விதையிலிருந்து வளர்ந்த தேயிலை இருந்தால் அது பெரிய சொத்து. தேயிலை அயல்மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பதால் பக்கத்துப் பக்கத்துச் செடிகள்கூடக் குணத்தில் வேறானவை. அதே மழை, அதே நிழல். ஒன்று கொப்புளத்தால் வெளுத்திருக்கும், அடுத்தது பெரும்பாலும் சுத்தமாக நிற்கும்.

1. ஜூலை, ஆகஸ்டில், மருந்து அடிக்காத ஒரு பகுதியில், ஒவ்வொரு செடியிலும் 50 கொழுந்து எண்ணி அவற்றில் கொப்புளம் கண்டவை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.
2. மிகக் குறைவானவற்றுக்கு நாடா கட்டுங்கள். ஓரத்தில் வெயில் படும் செடியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வெயிலால் தப்பியிருக்கும்.
3. அடுத்த மழைக்காலத்திலும் அதே செடிகளை எண்ணுங்கள். இரண்டு முறையும் தேறியவை மட்டுமே தாய்ச்செடி.
4. அவற்றில் கொழுந்து வரத்தும் நன்றாக இருப்பவற்றிலிருந்து ஓர் இலை, ஒரு கணு, 3 முதல் 4 சென்டிமீட்டர் தண்டு கொண்ட வெட்டுத்துண்டுகள் எடுத்து, அமில மண் நிரப்பிய பாலித்தீன் பைகளில் நிழலில் வேர்விட வையுங்கள்.

ஒரே தாய்ச்செடியிலிருந்து மலை முழுவதையும் நிரப்பிவிடாதீர்கள். பூஞ்சையும் மாறிக்கொண்டே இருக்கும் உயிர். ஒரு செடியின் காப்பை உடைக்கக் கற்றுக்கொண்டால் அதே குணமுள்ள எல்லாச் செடியும் ஒரே மழையில் விழும். ஐந்தாறு தாய்ச்செடிகளையாவது கலந்து நடுங்கள். எந்தப் பை எந்தச் செடியினுடையது என்று எழுதி வையுங்கள்.